சேதாரம்

ஆடி மாதம். கலியாணங்கள் இல்லை.
செட்டியார் தெருவில் எங்கள் தராசு
மின்விசிறிக் காற்றை நிறுத்துக்கொண்டிருந்தது.
மேர்வின் ஷொக்மன் குடையை மடக்காமலே வந்தார்,
கக்கத்தில் மூன்று கடதாசிப் பெட்டிகள்.
முதலாளி தெரிந்தவர்போல் எழுந்து
தெரியாதவர்போல் உட்கார்ந்தார்.

பெட்டிகளில் சன்னங்கள்.
கோதில்லை, மருந்தில்லை,
ஈயத்துக்குச் செப்புச் சட்டை, அவ்வளவுதான்.
“கெனியாவுக்குப் போறன், கதிரித்தம்பி.
எங்கட மரை மாதிரி ஒரு மிருகம்,
நிறை மட்டும் ரெண்டு எருமை.
வெட்டவெளி. ஒளிய ஒரு பற்றை இல்லை.
நானூறு யாருக்கு இங்கால் வரவிடாதாம்.
ஒவ்வொண்டா நிறுத்துத் தாரும்.
இங்க அரைக் கிரெய்ன் பிசகு
அங்க போய் விரற்கடையாகும்.”

நூற்றெண்பது கிரெய்ன்.
ஒன்றரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு.
என் தங்கையின் தாலிக்கொடி இதைப்போல் ஏழு.
ஒரு மலையைச் சாய்க்க இது போதுமா என்றேன்.
நிறை சாய்க்காது, என்றார்,
விரிவுதான் சாய்க்கும்.

முதற்பெட்டி மூக்கு மெலிந்த ஈயம்.
தொலைவில், வேகம் செத்த பிறகும், பூவாய் விரியும்.
ஆனால் அதே மிருகம் புல்லுக்குள்ளிருந்து
அறுபது யாரில் எழுந்து நின்றால்
தோள் எலும்பிலேயே தூள்தூளாகும்.
இரண்டாவது முழுச் செப்பு. எலும்பை மதியாது.
ஊசி துணியில் போவதுபோல் போய்விடும்;
மிருகமும் போய்விடும்,
பொழுதுபட எங்கோ தனியே விழ.
மூன்றாவதற்கு நடுவில் ஒரு சுவர்:
முன்பாதி விரியும், பின்பாதி தள்ளும்.
விலைதான் இரட்டிப்பு.

“எதை எடுக்கிற?” என்று கேட்டார்,
என்னை, துவக்கே தொடாதவனை.
ஒன்றரை முழம் விழுமாம் நானூறு யாரில்.
பக்கக் காற்று ஒரு சாண் தள்ளுமாம்.
இதயமோ ஒரு சிரட்டை அளவு.
இன்னும் கிட்டப் போனால் என்ன, என்றேன்.
சிரித்தார். “அதுக்கு முழங்கால் வேணும் தம்பி.
எனக்கு அறுபத்தொண்டு.”

சுவர் வைத்த பெட்டியைத்தான் நிறுத்தேன்.
மழை விட்டு, மறுபடி பிடித்து,
ஐம்பதும் முடிய விளக்கேற்றும் நேரம்.
நாற்பத்தொன்பது ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.
ஒன்று மட்டும் மூன்று கிரெய்ன் குறைவு.
உள்ளே காற்று அடைபட்டிருக்கும்;
பொய்க்காப்பில் பார்த்திருக்கிறேன்.
இது ஆடிக்கொண்டு போகும், என்றேன்.
“எனக்கு வேண்டாம், நீரே வையும்.”
நிறுவைக்கூலியை முதலாளி வாங்கவில்லை.
அவர் போனபின் தட்டைத் துடைக்கச் சொன்னார்,
இரண்டு தரம்.

மார்கழியில் திரும்பி வந்தார், கறுத்து.
கைலேஞ்சியை அவிழ்த்து
மேசையில் ஒன்றை வைத்தார்:
நசுங்கிய காளான், இதழ்கள் பின்னால் சுருண்டு,
மடிப்பில் இன்னும் ஒரு மயிர்.
நிறுத்தேன். நூற்றுப்பன்னிரண்டு.
“நல்லா நிண்டிருக்கு, என்ன?” என்றார்.
நல்ல சன்னம்தான், என்றேன்.

எத்தனை சுட்டீர்கள் என்று கேட்கவில்லை.
“கண்டெடுத்தது இது ஒண்டுதான்,” என்றார் தானாகவே.
“முந்தினது எங்க பட்டதெண்டு தெரியாது.
அது நடந்துது. இரவு முழுக்க நடந்துது.
விடிய, தண்ணிக்கரையில,
முப்பது யாரில நிண்டு பார்த்துது என்னை.”
பிறகு குடையைத் தேடினார்.
அன்று மழையே இல்லை.

நகைக்கடைக்காரன் கணக்கை மூடாமல் தூங்கமாட்டான்.
அன்றிரவு பேரேட்டில், யார் பெயருமில்லாத பக்கத்தில்,
வந்தது நூற்றுப்பன்னிரண்டு என்று எழுதி,
மிச்சம் அறுபத்தெட்டை எங்கே போடுவதென்று
பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.
எங்கள் தொழிலில் அதற்கு ஒரே ஒரு சொல்.
எழுதினேன். மை காயவில்லை.
இலாச்சியைத் திறந்தால்
மூன்று கிரெய்ன் குறைந்தது உருண்டு வந்து
முன்பலகையில் முட்டி நின்றது.